செவ்வாயும் வெள்ளியும்

டயாலிசிஸ் மெஷின் திரையில் மூன்று ஐம்பத்திரண்டு என்று காட்டுகிறது. இரண்டு ஊசியும் ஏற்றியாகிவிட்டது, குழாய்களில் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது, பிரிஸில்லா சிஸ்டர் பிரஷர் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார், என் வீட்டுக்காரர், இவரும் கண்ணை மூடிவிட்டார். இனி மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நோட்டை மடியில் விரித்துவிட்டேன், பேனாவைத் திறந்துவிட்டேன். பஸ் போன பிறகு அவள். அவ்வளவுதான் இருக்கிறது, போன வெள்ளிக்கிழமை எழுதியது, கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. என் கதையில் வருகிற பத்மாவதி பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி, பேர் தெரியாத ஒரு ஸ்டாப்பில் மத்தியான வெயிலில் இறங்கி நிற்கிறாள். அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்த எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இனி அவள் திரும்பிப் போகிற பஸ்ஸைத் தேட வேண்டும், இல்லை தேடாமல் இருக்க வேண்டும். தேட மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். நிழலாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள் என்று எழுதலாம், அதை எழுதிவிட்டால் அடுத்தது வந்துவிடும், எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது. பஸ் போன பிறகு அவள். கை அசையவில்லை. இன்றைக்கு ஆறாம் தேதி, செவ்வாய். ஒன்பது வெள்ளி, பதின்மூன்று செவ்வாய், பதினாறு வெள்ளி. இன்றையதையும் சேர்த்து நான்கு நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், பதினாறு மணி நேரம். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். பதினாறு மணி நேரத்தில் அவள் எங்கே போய்ச் சேருவாள், வீட்டுக்கா, வேறு எங்காவதா, எழுதாமல் எட்டு நிமிடம் போய்விட்டது, பதினாறு இப்போது பதினாறு இல்லை, பஸ் போன பிறகு அவள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து இதே படுக்கை ஓரத்தில் நின்று சொன்னார். "கமிட்டி அனுமதி வந்திருச்சு. உங்க அக்கா கிட்னி நல்லாப் பொருந்துது. மதுரையில பத்தொன்பதாம் தேதி வச்சுக்கலாம். அதுக்கப்புறம் நீங்க இந்த மெஷினுக்கு வர வேண்டியதில்ல." இவர் உடனே கேட்டது, "ஒரு சொம்புத் தண்ணி முழுசாக் குடிக்கலாமா டாக்டர்?" இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், ரசமும் காப்பியும் அதில் அடக்கம். சிவகாசி வெயிலில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரைகிறவரைக்கும் யாரோடும் பேசாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். "ஒரு சொம்பு என்ன, குடிக்கலேன்னாத்தான் திட்டுவேன்" என்றார் டாக்டர். இவர் சிரித்தார். வறண்ட உதடு வெடித்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று கேட்டது, அப்போ வெள்ளிக்கிழமை? வேறு யாரோ கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் அது நான்தான், என் குரல் எனக்குத் தெரியாதா. வீட்டுக்குப் போய் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே அத்தை பக்கத்து வீட்டாரிடம், "அழட்டும், சந்தோசத்துல அழுறா, இவ்வளவு நாளும் புள்ள அடக்கி வச்சிருந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் அழுகை வந்தது. என் புருஷனுக்கு நோய் சரியாகப் போகிறது என்று ஒரு பொம்பளை குழாயைத் திறந்துவைத்து அழுகிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது, யாரிடம் சொன்னாலும் காறித் துப்ப மாட்டார்களா. அவர் சாகக் கூடாது, அது நிஜம், சத்தியமாக நிஜம். அவர் நன்றாகவும் ஆகிவிடக் கூடாது என்று இருக்கிறதே, அதுவும் நிஜந்தானா. இப்படியே, இந்த நிலையிலேயே, செவ்வாயும் வெள்ளியும் இப்படியே. மூன்று முப்பத்தெட்டு.

எழுத நேரம் தேடி எத்தனை விதமாகப் பார்த்தாயிற்று. காலையில் நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன். லைட்டைப் போட்டதும் அத்தை விழித்துக்கொண்டு காப்பி ஆச்சா என்பார், தண்ணீர் வருகிற நாள் என்றால் மோட்டார் போடணும், குடம் நிரப்பணும், அதற்குள் மகள் சிவரஞ்சனிக்குப் பள்ளிக்கூட டிபன், நாலு மணி போய் ஆறே கால் ஆகியிருக்கும். மாடிக்குப் போய் எழுதிப் பார்த்தேன், துணி காயப்போட இவ்வளவு நேரமா என்று கீழேயிருந்து குரல் வரும். நடந்து போகும்போது போனில் பேசிப் பதிவு செய்யலாம் என்று ஒரு மாசம் பார்த்தேன், யாரோடு பேசிக்கொண்டே வருகிறாள் என்று தெருவில் கேட்டார்கள். அது பரவாயில்லை, எனக்கே வாய்விட்டுச் சொன்னால் வார்த்தை செத்துப்போகிறது. பிரஸ்ஸில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலண்டர் சீசனில் ராகுகாலமும் எமகண்டமும். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைத்தான் தட்டுகிறேன், அதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு ஒரு பத்திரிகைக்கு அடியிலேயே என் கதையில் மூன்று வரி அடித்தேன். முதலாளி பின்னால் வந்து நின்று, "இது எந்தப் பார்ட்டி மேட்டரும்மா?" என்றார். "தப்பா அடிச்சுட்டேண்ணாச்சி" என்று சொல்லி அழித்துவிட்டேன். மூன்று வரிதான், அழித்த மறுநிமிஷம் எனக்கு ஞாபகம் இல்லை, இன்றுவரைக்கும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் இவருக்கு இது வந்தது. முதல் வாரம் இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், இரண்டாவது வாரம் ஸ்லோகம் சொன்னேன், மூன்றாவது வாரம் பிரஷர் குறிக்கிற அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுதினேன். அவ்வளவு பெரிய அமைதியை நான் அதுவரைக்கும் பார்த்தது இல்லை. மெஷின் சத்தம், ஏசி, இவர் மூச்சு. அதே முதலாளி, "செவ்வாயும் வெள்ளியும் காலையில வராட்டி பரவாயில்லம்மா, உயிர் முக்கியம்" என்றார். எழுதுவதற்கு என்று கேட்டிருந்தால் தருவாரா. அத்தை தருவாரா. இவர் தந்திருப்பாரா, நல்லா இருந்த காலத்தில், எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து மத்தியானம் வந்து இலை போட்டாச்சா என்று கேட்கிற மனுஷர். நோய்க்குத்தான் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த வழியிலே நான் இவர் பின்னாலேயே நுழைந்து வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு ஐம்பது. இவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கையில் ஊசி இருக்கிற இடம் புடைத்து, கயிறு சுருட்டி வைத்த மாதிரி இருக்கிறது, அதைத் தொட்டால் உள்ளே ரத்தம் அதிர்வது விரலுக்குத் தெரியும், இந்தக் கை ஒரு காலத்தில் ஏணியில் ஏறிக் கோயில் கோபுரத்துக்கு சீரியல் லைட் கட்டியிருக்கிறது. பார்க்காதே, எழுது. பஸ் போன பிறகு அவள். எழுத முடியாததற்கு ஆபரேஷன் மட்டும் காரணம் இல்லை, எனக்குத் தெரியும், ஆடியில் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே வரிகள் நொண்டுகின்றன. அன்றைக்கு இதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார், நான் பத்மாவதி அவள் அப்பாவிடம் பேசுகிற இடத்தில் இருந்தேன், நீளமான வாக்கியம், அதற்கு முன்னால் அப்படி ஒன்று எனக்கு வந்ததே இல்லை, வினைச்சொல் மட்டும் பாக்கி. "மங்கை" என்று என்னைக் கூப்பிட்டார். கேட்டது. நன்றாகக் கேட்டது. வினைச்சொல் வரவில்லை, எழுந்தால் போய்விடும், பிரஸ்ஸில் போன மூன்று வரி மாதிரி போய்விடும். "மங்கை" என்றார் மறுபடியும், முதல் தடவையை விட மெதுவாக. வினைச்சொல் வந்தது, எழுதினேன், புள்ளி வைத்தேன், எழுந்தேன். முகம் சாம்பல் நிறம், வேர்த்துக் கொட்டுகிறது, சட்டை முழுக்க வாந்தி. சிஸ்டர் ஓடிவந்து படுக்கையின் கால் பக்கத்தைத் தூக்கிவிட்டு, பிரஷர் எழுபதுக்கு வந்திருச்சு என்று சொல்லிக்கொண்டே சலைன் போட்டார். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது, இது நடக்கிறதுதான் என்று சிஸ்டர் சொன்னார். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். "கூப்பிட்டேன்" என்றார். "காதுல விழலைங்க" என்றேன். மறுநாள் பிரஸ் போய், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தின் பின்பாதியை மறுபடியும் எழுதிப் பார்த்தேன். பதினோரு வினாடி. பதினோரு வினாடி ஒன்றும் பெரிய நேரம் இல்லை, பாத்ரூமில் இருந்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அப்போது என்னை யார் என்ன சொல்ல முடியும். ஆனால் நான் பாத்ரூமில் இல்லை, நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை. அதை அடிக்கவும் மனசு வரவில்லை.

"மங்கை." இவர் இல்லை, இவர் தூங்குகிறார். வாசல் பக்கம் இவருடைய அக்கா நிற்கிறார், ஜெயக்கொடி மதினி, கிட்னி தரப்போகிறவர். சாத்தூரில் மாவு அரைத்துக் கொடுத்து, ஒண்டியாக மகன் முத்துவை வளர்த்தவர். இந்த நேரத்தில் கடையை விட்டு வரவே மாட்டாரே. வெளியே வா என்று கையைக் காட்டினார். திரையில் இன்னும் ஒன்று நாற்பது பாக்கி இருந்தது. தாழ்வாரத்தில் தண்ணீர் கேன் வைத்திருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். "எனக்குப் பயமா இருக்கு மங்கை" என்றார். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தார். "தூங்குறப்பயும் கை இங்கயேதான் கெடக்கு. முத்து திருப்பூர்ல இருந்து போன் போட்டுக் கத்துறான். அவன் கத்துறது கெடக்கட்டும். எனக்கே பயமா இருக்கு. மாவுக் குண்டான் தூக்குற உடம்பு இது, நாளைக்கு என்னாகும்னு யாரு கண்டா." மதினி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "தம்பிகிட்ட இதச் சொல்ல முடியாது. அம்மாகிட்டச் சொன்னா அவ உசுரை விட்ருவா. உன்கிட்டதான் கேக்க முடியும். பத்து வருசம், பன்னெண்டு வருசம் டயாலிசிஸ்லயே ஓட்டுறவங்க இருக்காங்களாமே. இப்ப ஓடிட்டுத்தான இருக்கு? நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் கீழ போய் டாக்டர்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேன். நீ சொன்னேன்னு சொல்ல மாட்டேன்."

ஆமா மதினி, ஓடிட்டுத்தான் இருக்கு, நீங்க எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கிறீங்க. அந்த வாக்கியம் எனக்குள் முழுசாக வந்து நின்றது. தட்டுத் தடங்கல் இல்லாமல், வினைச்சொல்லோடு, இரக்கத்தோடு, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வரி வராத எனக்கு இது மட்டும் இவ்வளவு லேசாக வந்தது. பொய்கூட இல்லை. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. மதினிக்கும் நிம்மதி, முத்துவும் கும்பிடுவான், எனக்குச் செவ்வாய் இருக்கும், வெள்ளி இருக்கும், பத்மாவதி மெதுவாக நிழலில் உட்காரலாம், அவசரம் இல்லை, இன்னும் இரண்டு வருஷம், மூன்று வருஷம். இருதயம் இப்பவே கொஞ்சம் வீங்கியிருக்கு, ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னது மதினிக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது, நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமா, அதற்கும் மேலேயே இருக்கும், யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. "மதினி, என்கிட்ட கேக்காதீங்க" என்றது. "ஏன்?" "நான் உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன், அவருக்காகவும் சொல்ல மாட்டேன். எனக்காகச் சொல்லிருவேன்." மதினிக்குப் புரியவில்லை. நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனேன். "அவுக இருதயம் வீங்கியிருக்கு, ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அது தெரிஞ்சும் எனக்கு இந்த மெஷின் வேணும்னு இருக்கு மதினி. அவுக இதுல படுத்திருக்கிற நாலு மணி நேரந்தான் எனக்குன்னு இருக்கு. நான் எழுதுறேன்." "எழுதுறியா? என்னத்த?" "கதை." மதினி விலாவிலிருந்து கையை எடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அதுக்கு அவன் இப்படிக் கெடக்கணுமாடி?" என்றார், குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் கீழேதான் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். படியிறங்கிப் போய்விட்டார், எதைச் சொல்லப் போகிறார் என்று சொல்லாமல்.

ஒன்று இருபத்தைந்து. நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். என்ன செய்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால்? சொல்லிவிட்டு வரவேண்டும் என்று ஏங்குகிறேனா, சொல்லிவிடக் கூடாது என்று பதறுகிறேனா, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதற்காக அடித்துக்கொள்கிறது என்று அதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது. படிக்கட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். எதிர்ப் படுக்கைக்காரரின் மனைவி முறுக்குக் கொடுத்தார், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். இந்த அம்மா நான்கு மணி நேரமும் மாலை கட்டுகிறார், அவர் வீட்டுக்காரர் கூப்பிட்டால் உதிரிப்பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருப்பார், பூ எங்கேயும் போய்விடாது. பத்மாவதி வெயிலில் நிற்கிறாள். நிற்கட்டும். ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது மதினி திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்னாங்க, குடுத்துட்டேன். பதினேழாம் தேதியே மதுரைக்கு வந்து படுக்கச் சொல்லியிருக்காரு" என்றார். முறுக்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். "பயம் போகல. போகாது போல. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். போகும்போது, "நீ சொன்னதை நான் யார்ட்டயும் சொல்லல. அவன்ட்ட நீயே சொல்லிரு" என்றார். விலாவில் கை வைத்துக்கொண்டேதான் நடந்து போனார்.

அதற்குள் இவர் விழித்திருந்தார். "அக்கா குரல் கேட்டுச்சே?" "வந்தாங்க. ரத்தம் குடுத்துட்டுப் போறாங்க." "பயந்துபோயிருக்காளா?" "ஆமா." இவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் ஈரம் இருந்தது. இப்போது வேண்டாம், இப்போது சொல்லாதே, நாளைக்குச் சொல், ஆபரேஷன் முடியட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் அத்தைக்கு மூட்டு வலி, சிவரஞ்சனிக்குக் காலேஜ், அப்புறம், அப்புறம். "என்னங்க, நீங்க நல்லானப்புறமும் செவ்வாய், வெள்ளி காலையில எனக்கு வேணும்" என்றேன். "எதுக்கு?" "எழுதணும்." "பிரஸ் வேலையா?" "இல்ல. கதை." மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். "நீ பிரஸ் புரூஃப் பாக்கேன்னுல்ல நெனச்சேன்" என்றார். "ரெண்டு வருசமா இதுதானா?" "ஆமா. இது மூணாவது நோட்டு." இவர் யோசிப்பது தெரிந்தது. ஏணி மேல் நின்று எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்ப்பாரே, அந்த முகம். எனக்குத் தெரிந்துவிட்டது எங்கே வந்து சேரப்போகிறார் என்று. ஓடிவிடலாம் போல இருந்தது. "அன்னைக்கு வாந்தி எடுத்தேனே, நான் கூப்பிட்டப்ப?" "எழுதிட்டு இருந்தேன்." "காதுல விழலன்னு சொன்ன." "விழுந்துச்சு." அதற்கு மேல் இவர் கேட்கவில்லை. மன்னிச்சிருங்க என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் செவ்வாயையும் வெள்ளியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது, முப்பத்தொன்று, பன்னிரண்டு. மெஷின் கூவியது.

பிரிஸில்லா சிஸ்டர் வந்து ஊசிகளை உருவிவிட்டு, இரண்டு இடத்திலும் பஞ்சை வைத்தார். ரத்தம் நிற்க அதைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு வருஷமும் நான்தான் பிடித்தேன். கையை நீட்டினேன். இவர் அதற்கு முன்னால் தன் வலது கையை வைத்து, விரல்களைப் பரப்பி, இரண்டு பஞ்சையும் தானே அழுத்திக்கொண்டார். "நான் பிடிச்சுக்கிறேன்" என்றார், சுவர்ப் பக்கம் பார்த்து. "பத்து நிமிசம் இருக்கு. ஒனக்கு வேணும்னியே." கொடுத்தாரா, எறிந்தாரா என்று குரலில் தெரியவில்லை. இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும், திரும்பவில்லை. அந்தக் கையை விலக்கிவிட்டு நான் பிடித்திருக்கலாம், பிடித்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும், பேசியதெல்லாம் பேசாததாகப் போயிருக்கும். ஒரு பஞ்சின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது, இவர் இன்னும் அழுத்திக்கொண்டார், கசிவு நின்றது. எதிர்ப் படுக்கை அம்மா பூவை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். எப்படி வந்த நேரமோ, எடுத்துக்கொண்டேன். நோட்டை விரித்து, இவர் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு, எழுத ஆரம்பித்தேன்.